பழைய காகிதம் புரட்ட வருகிறவர்களுக்கு

எங்கள் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை எழுதப் போகிறேன், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டபடி நூலக வாசலில் வந்து நிற்கும் பிள்ளைகளை நீண்ட காலமாகப் பார்த்து வருகிறேன். ஆர்வத்துக்குக் குறைவில்லை. எந்தக் கட்டை அவிழ்ப்பது, எதை நம்புவது, எதைத் தாண்டிப் போவது என்று சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. நின்றபடி ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்பியதை இங்கே எழுதி வைக்கிறேன். எடுத்துக்காட்டுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்கிறேன். எனக்குக் கைபழகிய காகிதம் அதுதான். உங்கள் பல்கலைக்கழகம் வேறு என்றால் பெயரையும் ஆண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள், தேடும் வழி அதேதான்.

1. அச்சில் வந்த வரலாற்றை முதலில் படித்து முடியுங்கள். பிறகு ஓரமாக வையுங்கள்.

1857ஆம் ஆண்டின் 27ஆம் சட்டம், செப்டம்பர் 5 என்ற தேதி, கல்கத்தாவும் பம்பாயும் அதே ஆண்டில் பிறந்தன என்ற செய்தி, வேந்தர்களின் வரிசை ஆகியவை எல்லாம் நூற்றாண்டு மலரில் இருக்கும். அவற்றைத் தெரிந்துகொள்ள ஆவணக் காப்பகத்துக்கு வர வேண்டியதில்லை. தெரியாமல் வந்தால் உங்கள் நேரமும் ஊழியர்களின் நேரமும் வீணாகும்.

மலரும் பட்டமளிப்பு விழா உரையும் பெருமைக்காக எழுதப்பட்டவை. அவற்றில் பொய் இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. விழாவுக்குப் பொருந்தாதது அவற்றில் இடம்பெறாது, அவ்வளவுதான். கட்டண ரசீது, வினாத்தாள், நூல் வரவுப் பதிவேடு, ஆட்சிக்குழுவின் நடவடிக்கைக் குறிப்பு ஆகியவை அன்றைய வேலை நடப்பதற்காக எழுதப்பட்டவை. நூறு ஆண்டு கழித்து யாரோ வந்து படிப்பார்கள் என்று அவற்றை எழுதிய எழுத்தர் நினைத்திருக்க மாட்டார். அவர் எழுதியதைக் கூடுதலாக நம்புங்கள். நான் சொல்லப்போகும் மற்ற எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருகிறவைதான்.

2. அந்தப் பல்கலைக்கழகம் அந்தக் காலத்தில் என்ன வேலை செய்தது என்று கேளுங்கள்.

இன்றைய பல்கலைக்கழகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பழைய தாள்களைத் தேடினால் ஏமாற்றம்தான் கிடைக்கும். தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் பாடம் நடத்தவே இல்லை. கல்லூரிகளை இணைத்துக்கொண்டது, தேர்வு வைத்தது, பட்டம் கொடுத்தது. அதற்கு லண்டன் பல்கலைக்கழகம் முன்மாதிரி. 1904இன் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டத்துக்குப் பிறகுதான் பாடம் நடத்துவதற்கும் ஆய்வுக்கும் வழி திறந்தது. 1914 வாக்கில்தான் இந்திய வரலாறு, இந்தியப் பொருளியல் போன்ற துறைகளுக்குப் பேராசிரியர் பதவிகள் வந்தன.

ஆகவே முதல் ஐம்பது ஆண்டுகளுக்கு வகுப்பறைக் கதையைப் பல்கலைக்கழகத்தில் தேடாதீர்கள். அது மாநிலக் கல்லூரியிலும், கிறித்துவக் கல்லூரியிலும், கும்பகோணம் அரசுக் கல்லூரியிலும், பச்சையப்பன் கல்லூரியிலும் கிடக்கிறது. பல்கலைக்கழகத்தின் கையில் இருப்பது தேர்வின் கதை. தேர்வுதானே என்று தள்ளிவிடாதீர்கள். எதைப் பாடமாக வைப்பது என்று ஒரு குழு எடுத்த முடிவு தமிழ்நாட்டின் அச்சகங்கள் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை முழுமையாக 1887இல் வெளியிட்டதை எல்லாரும் அறிவோம். அதற்கு முன்பே, 1868இல், ஹென்றி பவர் என்ற பாதிரியார் அதன் நாமகள் இலம்பகத்தை மட்டும் அச்சிட்டிருந்தார். அந்த ஒரு பகுதி மட்டும் ஏன்? மாணவர்களுக்கு அது பாடமாக இருந்தது. இப்படிப்பட்ட கேள்விக்கான பதில் பாடநூல் பட்டியலில்தான் இருக்கும்.

3. காலண்டரைப் படிக்கப் பழகுங்கள்.

ஆண்டுதோறும் பல்கலைக்கழகம் அச்சிட்ட தடித்த புத்தகத்துக்குக் காலண்டர் என்று பெயர். புதிதாக வருகிறவர்கள் சுவரில் மாட்டும் நாட்காட்டி என்று நினைத்து அதைக் கேட்பதே இல்லை. நான் ஒருவருக்கு ஒரே ஒரு நூலைத்தான் கொடுக்கலாம் என்றால் காலண்டரைத்தான் கொடுப்பேன்.

19ஆம் நூற்றாண்டுத் தொகுதி ஒன்றை எடுத்து மேசையில் வையுங்கள். முன்பகுதியில் அந்த ஆண்டின் நாட்கள் வரும். தேர்வு எப்போது, விண்ணப்பக் கடைசி நாள் எது, விடுமுறை எது எல்லாம் அதில் இருக்கும். ஊரில் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறிப்பது போல அந்தக் காலக் கல்லூரி முதல்வர்கள் இதைப் பார்த்துத்தான் ஆண்டை நடத்தினார்கள். அதை அடுத்துச் சட்டம், விதிமுறைகள், செனட் என்ற பேரவையின் உறுப்பினர்களின் பெயர்கள். பிறகு பட்டம் பெற்றவர்களின் பட்டியல், பெயரும் ஆண்டும் கல்லூரியுமாக. அறக்கட்டளைப் பரிசுகளை யார், எவ்வளவு பணம் கொடுத்து, என்ன நிபந்தனையோடு நிறுவினார்கள் என்பதும் வரும். பின்பகுதியில் அந்த ஆண்டு நடந்த தேர்வுகளின் வினாத்தாள்கள்.

ஒரு தொகுதியைப் படித்தால் தகவல்தான் கிடைக்கும். பத்துப் பத்து ஆண்டு இடைவெளியில் ஐந்து தொகுதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் வரலாறு தெரியத் தொடங்கும். விதிமுறையில் ஒரு வாக்கியம் மாறியிருக்கும். செனட் பட்டியலில் ஆங்கிலேயர் பெயர்களுக்கு நடுவே இந்தியப் பெயர்கள் கூடிக்கொண்டே போகும். கல்லூரிப் பட்டியலில் மைசூர், திருவாங்கூர், ஆந்திரப் பகுதி ஊர்கள் இருக்கும். 1916இல் மைசூர், 1918இல் உஸ்மானியா, 1926இல் ஆந்திரம், 1929இல் அண்ணாமலை, 1937இல் திருவாங்கூர் என்று புதிய பல்கலைக்கழகங்கள் பிறக்கப் பிறக்க அந்தப் பட்டியல் சுருங்கிவரும். தென்னிந்திய உயர்கல்வியின் வரைபடம் எப்படி மாறியது என்று தனியாக ஒரு புத்தகம் தேட வேண்டாம்.

விதி மாறிய ஆண்டைக் கண்டுபிடித்ததும் அதற்கு முந்தைய ஆண்டின் செனட் நடவடிக்கைக் குறிப்புக்குப் போங்கள். யார் கேட்டார்கள், யார் எதிர்த்தார்கள், எத்தனை வாக்கு என்பது அங்கே தெரியும். காலண்டர் முடிவைச் சொல்லும், நடவடிக்கைக் குறிப்பு சண்டையைச் சொல்லும்.

4. பெயரைக் கண்டு ஏமாறாதீர்கள்.

1839 நவம்பரில் சுமார் எழுபதாயிரம் பேர் கையெழுத்திட்ட மனு ஒன்று ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் போனது. முன்னின்றவர் அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டன். ஆங்கிலக் கல்லூரி வேண்டும் என்ற கோரிக்கை அது. அதன் பயனாக 1841இல் ஓர் உயர்நிலைப் பள்ளி திறந்தது, எயர் பர்ட்டன் பவல் அதன் தலைமையாசிரியர். அந்தக் காலத் தாள்களில் அந்தப் பள்ளியையே சென்னைப் பல்கலைக்கழகம் என்று எழுதியிருப்பார்கள். பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். 1857க்கு முந்தைய கடிதத்தில் பல்கலைக்கழகம் என்ற சொல்லைப் பார்த்தவுடன் துள்ளிக் குதிக்காமல் எந்த நிறுவனம் என்று பாருங்கள்.

எழுத்துக்கூட்டலிலும் இதே கவனம் வேண்டும். தாமோதரம் என்ற பெயரை ஆங்கில டி வரிசையிலும் தேட வேண்டும். ஊர்களை டின்னவெல்லி, டிரிச்சினாப்பொலி, டாஞ்சூர், சிங்கிள்புட் என்ற பழைய ஆங்கில உருவங்களில் தேட வேண்டும். ஒரே ஆள் நுழைவுத் தேர்வுப் பட்டியலில் ஒரு முதலெழுத்தோடும் பட்டத்தில் இன்னொன்றோடும் இருப்பார். தந்தை பெயர், ஊர், கல்லூரி ஆகிய மூன்றில் இரண்டேனும் ஒத்துப்போகாமல் ஒருவரை அவர்தான் என்று முடிவு கட்டாதீர்கள்.

5. ஒரு விஷயத்துக்குப் பல கதவு உண்டு. எல்லாவற்றையும் தட்டுங்கள்.

கணித மேதை இராமானுஜன் கதையை எடுத்துக்கொள்வோம். எல்லாருக்கும் தெரிந்த கதைதான். எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912 மார்ச்சிலிருந்து சென்னைத் துறைமுகப் பொறுப்புக்கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை. 1913இல் ஆங்கிலக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம், கேம்பிரிட்ஜ் பயணம், புகழ். கதையாகக் கேட்டால் இவ்வளவுதான். ஆவணமாகப் படித்துப் பாருங்கள்.

1913 பிப்ரவரியில் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர், பல்கலைக்கழகப் பதிவாளர் பிரான்சிஸ் டியூஸ்பரிக்குக் கடிதம் எழுதுகிறார். இந்த இளைஞர் சில ஆண்டுகளாவது பிழைப்புக் கவலை இல்லாமல் கணிதத்தில் ஈடுபட வழி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் அனுமந்தராவ் தலைமையிலான கணிதப் பாடக்குழு கூடிப் பரிந்துரைக்கிறது. ஆட்சிக்குழுவுக்கு விஷயம் போகிறது. அங்கே ஒரு முட்டுக்கட்டை: ஆய்வு உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்குத்தான். இவருக்கோ எந்தப் பட்டமும் இல்லை. ஆட்சிக்குழு தன் மூலச் சட்டத்தையும் 1904 சட்டத்தையும் எடுத்துப் படித்து, ஆளுநரின் ஒப்புதல் இருந்தால் கொடுக்கலாம் என்று வழி கண்டுபிடிக்கிறது. அரசுக்குக் கடிதம் போகிறது, ஒப்புதல் வருகிறது. 1913 மே முதல் நாளிலிருந்து மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்த வேலையைப் பற்றி அறிக்கை கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1914 மார்ச் 17 அன்று கப்பலேறுமுன் அவர் மூன்று அறிக்கைகள் கொடுத்திருந்தார்.

இதில் எத்தனை கதவுகள் என்று பாருங்கள். பாடக்குழுவின் பரிந்துரையும் ஆட்சிக்குழுவின் குறிப்பும் பல்கலைக்கழகத்தில். ஒப்புதல் ஆணை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில், கல்வித் துறை அரசாணைகளில். எழுத்தர் வேலையின் விடுப்புச் சமாச்சாரம் துறைமுகக் கோப்பில். ஹார்டி பக்கத்துக் காகிதங்கள் கேம்பிரிட்ஜில். கணிதம் அவருடைய நோட்டுப் புத்தகங்களில், அவற்றின் மூலப்பிரதி சென்னைப் பல்கலைக்கழகத்தில். ஒரு கதவை மட்டும் திறந்தவருக்கு, மேதையை ஓர் அலுவலகம் தூக்கிவிட்டது என்றோ அலைக்கழித்தது என்றோதான் எழுத வரும். எல்லாக் கதவுகளையும் தட்டியவருக்கு, விதியைத் தெரிந்த சில அலுவலர்கள் அந்த விதிக்குள்ளேயே இடம் தேடிக் கொடுத்தது தெரியும். வாக்கர் கடிதம் பிப்ரவரி 26, உதவித்தொகை மே 1. இடையில் சுமார் ஒன்பது வாரம். ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் ஒன்பது வாரங்கள் அவை.

இன்னொன்று. அந்த நோட்டுப் புத்தகங்களைப் பார்க்க வேண்டும் என்று மூலத்தைக் கேட்காதீர்கள். 1957இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அவற்றை அப்படியே நகலாக அச்சிட்டு இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. தாளையும் மையையும் ஆராய்கிறவருக்கே மூலம் தேவை. கணக்கைப் படிக்க நகல் போதும். மூலத்தை எவ்வளவு குறைவாகத் தொடுகிறோமோ அவ்வளவு காலம் அது இருக்கும்.

6. உங்கள் பல்கலைக்கழகத்தின் வரலாறு உங்கள் ஊரிலேயே முடிந்துவிடாது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர்: சி.வை.தாமோதரம் பிள்ளை, கறல் விசுவநாத பிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தார், வட்டுக்கோட்டை செமினரியின் வார்ப்புகள். முதல் பட்டதாரிகளை உருவாக்கியது சென்னைக் கல்லூரி எதுவும் இல்லை, கடல் தாண்டி அமெரிக்கப் பாதிரிமார் நடத்தி 1855இல் மூடிய ஒரு பள்ளி. அங்கே என்ன படித்தார்கள், எப்படிப் படித்தார்கள் என்று அறிய அமெரிக்க மிஷன் தாள்களைப் பார்க்க வேண்டும். அவற்றின் பெருந்தொகுதி ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், யாழ்ப்பாணத்துப் பழைய இதழ்களையும் நூல்களையும் நூலகம் நிறுவனம் இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது, அதிலிருந்து தொடங்கலாம்.

பட்டம் பெற்ற அதே தாமோதரம் பிள்ளைதான் பின்னர் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். பட்டதாரிப் பட்டியலில் ஒரு வரியாக இருக்கும் பெயர் அதற்குப் பிறகு என்ன செய்தது என்று பின்தொடர்ந்து போங்கள். அந்தப் பட்டியல் அப்போதுதான் பேசும்.

7. எந்த அலமாரி யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சேப்பாக்கத்தில் பல்கலைக்கழக நூலகக் கட்டடத்தில் நெடுங்காலம் இருந்த அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் அரசுடையது, பல்கலைக்கழகத்துடையது அன்று. காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளும் சி.பி.பிரௌன் திரட்டியவையும் அதில் உண்டு. இப்போது கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் இருக்கிறது. பழைய நூல் ஒன்றின் அடிக்குறிப்பில் சேப்பாக்கம் என்று படித்துவிட்டு அங்கே போய் நிற்காதீர்கள். கன்னிமாரா பொது நூலகம் வேறு, பல்கலைக்கழக நூலகம் வேறு. ஆனால் 1907இல் தொடங்கிய பல்கலைக்கழக நூலகம் முதலில் கன்னிமாரா வளாகத்தில்தான் இருந்தது. 1936இல்தான் கடற்கரைச் சாலைப் பக்கம் சொந்தக் கட்டடத்துக்குப் போனது. கிளம்புமுன் இந்த இடமாற்றங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

8. நூலகத்தில் ஆவணத்தைத் தேடும்போது நூலகமே ஓர் ஆவணம் என்பதை மறக்காதீர்கள்.

1924 ஜனவரியில் மாநிலக் கல்லூரியின் கணித ஆசிரியர் ஒருவர் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். அவர் சீ.இரா.அரங்கநாதன். லண்டனுக்குப் போய்ப் பயின்று திரும்பி இருபதாண்டு அதே நூலகத்தில் உழைத்தார். பூட்டிய அலமாரிகளைத் திறந்துவிட்டு, வாசகரே போய் நூலை எடுக்கட்டும் என்றார். நூலக அறிவியலின் ஐந்து விதிகள் 1931இல் வந்தன, கோலன் பகுப்புமுறை 1933இல் வந்தது. உலகத்துக்கே போன இந்த முறை, சென்னையில் ஒரு நூலகத்தின் புத்தகங்களை ஒழுங்குபடுத்தும்போது உருவானது. அந்தப் புத்தகங்களின் முதுகில் ஒட்டிய எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஆங்கில ஓ என்ற எழுத்தும் 31 என்ற எண்ணும் சேர்ந்தால் தமிழ் இலக்கியம், வி என்றால் வரலாறு, டி என்றால் கல்வி.

நூல் வரவுப் பதிவேடு என்று ஒன்று உண்டு. ஊழியர்கள் அக்செஷன் ரிஜிஸ்டர் என்பார்கள். நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு நூலும் வந்த வரிசையில் ஓர் எண் பெறும். அந்த எண்ணுக்கு நேரே தேதி, நூலாசிரியர், தலைப்பு, யாரிடம் வாங்கியது அல்லது யார் கொடுத்தது, விலை எல்லாம் இருக்கும். பார்க்கச் சலிப்பான பதிவேடு. ஆனால் மார்க்சின் நூல் எந்த ஆண்டு உள்ளே வந்தது, தமிழ் நூல்களுக்கு எவ்வளவு செலவழித்தார்கள், போர்க்காலத்தில் இங்கிலாந்திலிருந்து நூல் வரத்து எப்படி இருந்தது, எந்தப் பேராசிரியர் இறந்தபின் அவர் வீட்டு நூல்கள் வந்து சேர்ந்தன போன்ற கேள்விகளுக்கு வேறு எங்கும் பதில் கிடைக்காது. பழைய நூலின் பின்னட்டையில் ஒட்டிய தேதிச் சீட்டையும் பாருங்கள். ஒரு நூல் வாங்கப்பட்டது என்பது ஒரு செய்தி, அது முப்பதாண்டு யாராலும் எடுக்கப்படவில்லை என்பது இன்னொரு செய்தி.

9. ஆய்வு நூல்களுக்குப் பின்னால் இருக்கும் காகிதங்களைக் கேளுங்கள்.

பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களை அவரவர் கிராமத்துக்கு அனுப்பி விவரம் திரட்டச் சொன்னார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி ஆகிய ஊர்கள் 1918இல் நூலில் ஏறின. 1930களில் பேராசிரியர் பி.ஜே.தாமஸ் வழிகாட்ட அந்த ஊர்களை மறுபடியும் ஆராய்ந்தார்கள். அச்சான நூல் எல்லாரிடமும் உண்டு. மாணவர்கள் எழுதிய கேள்வித்தாள்களும் வரைபடங்களும் எங்கே என்பதுதான் உங்கள் வேலை. பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் அப்படித்தான். 1913இல் சாண்ட்லர் தொடங்கி, வையாபுரிப் பிள்ளை 1936இல் ஆறு தொகுதிகளாக முடித்த அந்தப் பணியில் லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அச்சான பக்கத்துக்குப் பின்னால் சொற்சீட்டுகள், பண்டிதர்களின் கடிதங்கள், பணம் போதவில்லை என்ற விண்ணப்பங்கள் இருந்திருக்கும். கேட்டால் இல்லை என்று பதில் வரலாம். இல்லை என்ற பதிலையும் தேதியோடு எழுதி வையுங்கள்.

10. இல்லாத காகிதத்துக்கும் காரணம் உண்டு.

பழைய சென்னை மாகாண அரசு அலுவலகங்களில் ஒவ்வொரு கோப்பையும் முடிக்கும்போதே எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்று குறித்துவிடுவார்கள். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம், டி.டிஸ். என்றால் பத்தாண்டு, கே.டிஸ். என்றால் மூன்று, எல்.டிஸ். என்றால் ஒரே ஆண்டு. காலம் முடிந்ததும் கிழித்துப் போடுவார்கள். எனவே நீங்கள் தேடும் கடிதம் காணவில்லை என்றால் யாரோ திட்டமிட்டு மறைத்துவிட்டார்கள் என்று எழுதக் கிளம்பாதீர்கள். பெரும்பாலும் ஓர் எழுத்தர் விதிப்படி கிழித்திருப்பார். அந்தக் கடிதத்தின் சாரம் வேறொரு நிரந்தரக் கோப்பில் மேற்கோளாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆட்கள் இல்லாமல் போவது வேறு வகை, அதில்தான் மனம் ஊன்ற வேண்டும். பட்டதாரிப் பட்டியலில் பெண்கள் எப்போது வருகிறார்கள், எந்தச் சாதியார் எப்போது வருகிறார்கள், எந்த மாவட்டத்திலிருந்து ஒருவருமே வரவில்லை என்பதைப் பல்கலைக்கழகம் தானாகச் சொல்லாது. பொதுக்கல்வித் துறையின் ஆண்டறிக்கைகளில் மாணவர்களை மதமும் சாதியும் வாரியாகப் பிரித்த அட்டவணைகள் உண்டு. 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயர் கையெழுத்தில் வந்த பிராமணரல்லாதார் அறிக்கை இப்படிப்பட்ட அரசுக் கணக்குகளைத்தான் ஆதாரமாக எடுத்துப் பேசியது. எழுத்தர் போட்ட அட்டவணை பிராமணரல்லாதார் இயக்கத்தின் ஆயுதமானது. அந்த அட்டவணைகளைக் காலண்டரோடு சேர்த்து வைத்துப் படியுங்கள். அதைச் செய்யாமல் எழுதுகிற பல்கலைக்கழக வரலாறு பட்டம் வாங்கியவர்களின் வாழ்த்துப் பட்டியலாகத்தான் முடியும்.

11. கையில் எடுக்கும் தாளுக்கு வயது உண்டு.

பென்சில் மட்டும் கொண்டுபோங்கள். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். 1870க்குப் பிறகு வந்த மரக்கூழ்க் காகிதம் அதற்கு முந்தைய கந்தல் துணிக் காகிதத்தைவிடச் சீக்கிரம் பழுத்து அப்பளமாக நொறுங்கும். அதனால் புதியது உறுதியானது என்று நினைக்காதீர்கள். பக்கத்தின் மேல் மூலையைப் பிடித்து, உள்ளங்கையால் தாங்கிப் புரட்டுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வேண்டாம், நொறுங்கிய ஓரம் பறந்துவிடும். இராமபாணம் அரித்த துளைகள் வரிசையாக இருந்தால் ஊழியரிடம் சொல்லுங்கள், பக்கத்துக் கட்டுக்கும் அது பரவியிருக்கும். கிழிந்ததைச் செல்லோடேப் போட்டு ஒட்டிக் கொடுக்கும் நல்ல மனம் வேண்டவே வேண்டாம். அந்தப் பசை சில ஆண்டில் காகிதத்தைப் பழுப்பாக்கித் தின்றுவிடும்.

படம் எடுக்க அனுமதி கிடைத்தால், முதல் படம் கட்டின் மேல் எழுதிய எண்ணாக இருக்கட்டும். அடுத்தது முகப்புப் பக்கம். அதற்குப் பிறகுதான் உங்களுக்கு வேண்டிய பக்கம். எண் இல்லாத ஐந்நூறு படங்களைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு திண்டாடும் ஆராய்ச்சி மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

12. கணினியில் தேடுங்கள், கணினியோடு நின்றுவிடாதீர்கள்.

பழைய காலண்டர்கள் பல இணையக் காப்பகத்தில் கிடைக்கின்றன. தமிழ் இணைய நூலகத்தில் தமிழ் நூல்களும் இதழ்களும் உண்டு. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தரமணியில் இருக்கிறது. ஆனால் மங்கிய அச்சைக் கணினி தப்பாகப் படித்திருக்கும். நீங்கள் தேடிய பெயர் வரவில்லை என்றால் அந்தப் பெயர் அங்கே இல்லை என்று பொருள் அன்று. அட்டவணையை ஒருமுறை கண்ணால் படியுங்கள்.

13. கட்டு எடுத்துத் தருகிறவரை மதியுங்கள்.

பட்டியலில் இல்லாத ஒரு பெட்டி எந்த அறையில் இருக்கிறது என்பது நூலகத்தின் உதவியாளருக்குத் தெரியும். மழை ஒழுகியபோது எந்த அலமாரியை எங்கே நகர்த்தினார்கள் என்பது பைண்டருக்குத் தெரியும். அவர்கள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அண்ணன், அக்கா என்று கூப்பிடுங்கள், என்ன தேடுகிறோம் என்று முழுதாகச் சொல்லுங்கள். சீட்டை நீட்டிவிட்டு அதட்டுகிறவருக்குச் சீட்டில் எழுதியது மட்டும்தான் வரும். நூல் அச்சானதும் நன்றியுரையில் அவர்கள் பெயர் இருக்க வேண்டும். இது மரியாதை மட்டும் அன்று, அந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்பதற்கான சான்றும்கூட.

14. அன்றைக்கு எடுத்த குறிப்பை அன்றைக்கே ஒழுங்குபடுத்துங்கள்.

துறை, ஆணை எண், தேதி, பக்கம். இந்த நான்கும் இல்லாத குறிப்பை வேறு எவரும் சரிபார்க்க முடியாது. அவரவர் கருத்தைக் குறிப்போடு கலக்காமல் வேறு மையில் எழுதுங்கள்.

15. கடைசியாக ஒரு வேண்டுகோள்.

நீங்கள் படித்த கல்லூரிக்கு ஒருநாள் போங்கள். மாடிப்படிக்குக் கீழேயோ பூட்டிய ஆய்வக அறையிலோ பழைய சேர்க்கைப் பதிவேடுகளும், விடுதிக் கணக்குகளும், கல்லூரி இதழ்களும் கிடக்கும். கட்டடம் இடிக்கும்போதும், தணிக்கைக்கு இடம் ஒழிக்கும்போதும், புது முதல்வர் வரும்போதும் அவை எடைக்குப் போகின்றன. போவதற்கு முன் முதல்வரைப் பார்த்துப் பேசுங்கள். பழைய மாணவர் சங்கத்திடம் ஓர் இரும்பு அலமாரி கேளுங்கள். என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதி, ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்திலும் ஒன்றைப் பல்கலைக்கழக நூலகத்திலும் கொடுங்கள். இந்த விடுமுறையிலேயே செய்யுங்கள்.